இருட்டில் ஒளிரும் கல்

மகள் வீட்டுக்கு நியூஜெர்சி வந்திருக்கிறேன். ஸ்டெர்லிங் ஹில் சுரங்க அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1986 வரை துத்தநாகத் தாது வெட்டிய இடம்.

சுரங்கத்துக்குள் விளக்கை அணைத்துப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினார்கள். அதுவரை வெறும் சாம்பல் நிறத்தில் இருந்த பாறையில் வில்லமைட் பச்சையாகவும், கால்சைட் செக்கச்செவேலென்றும் ஒளிர்ந்தன! இரண்டிலும் சிறிதளவே கலந்திருக்கும் மாங்கனீசுதான் காரணம். வேதியியல் படித்த பிள்ளைகளே, வகுப்பில் இப்படி ஒரு கல் இருந்திருந்தால்!

எனக்கு என்னவோ தொழிலாளர்கள் உடை மாற்றிய கூடம்தான் மனசில் நிற்கிறது. இப்போது அதுதான் காட்சிக்கூடம். துணிகளைக் கூடையில் போட்டுச் சங்கிலியால் கூரைக்கு ஏற்றிவிடுவார்களாம்.

“மூடினப்புறம் அவங்கல்லாம் எந்த வேலைக்குப் போனாங்க தாத்தா?” என்றான் பேரன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.