புதுசு வாங்கும் முன்

கணினி மெதுவாகிவிட்டால் வீட்டில் முதலில் எழும் குரல், "புதுசு வாங்கிடலாம்" என்பதுதான். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் தெருவில் பழைய கணினி எது முரண்டு பிடித்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். படிப்பெல்லாம் ஒன்றுமில்லை, கையில் பொழுது இருக்கிறது. பார்த்தவரையில், பலவற்றுக்கு வயசாகவில்லை, வயிறுதான் நிறைந்திருந்தது.

எதிர்வீட்டு டீச்சரம்மா மடிக்கணினியில் சி டிரைவ் காட்டும் பட்டை முழுக்கச் சிவப்பு. ஒரு ஃபைல் திறக்கவில்லை என்று அவர் மேலும் மேலும் கிளிக் செய்ய, அது திணறிக்கொண்டிருந்தது. டவுன்லோட்ஸைத் திறந்தேன். ஒரே கரண்ட் பில், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று வரிசையாக நின்றது. ரீசைக்கிள் பின்னை அவர் ஒருநாளும் காலி செய்ததில்லை. அதில் கிடப்பதும் டிஸ்க்கில் இடம் பிடிக்கும் என்றதும், "தூக்கிப் போட்டதுக்கும் வாடகையா தம்பி?" என்றார். இந்த வயசிலும் என்னைத் தம்பி என்று கூப்பிட ஓர் ஆள் இருக்கிறார்!

அழிக்கப் போகும்போது மெல்லக் கேட்டார்: "சார் போட்டோ எல்லாம் போயிடாதே?" மறைந்த கணவரின் படங்கள். வேலையை நிறுத்தி, முதலில் அவற்றை வேறொரு டிஸ்க்கில் ஏற்றினேன். அன்று மாலை அதற்கே சரியாகப் போயிற்று. குப்பையை மறுநாள் டிஸ்க் கிளீனப் அள்ளியது. (விண்டோஸ் 10-இன் சில பதிப்புகளில் அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸும் இருக்கும், டிக் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.) கணினி தொடங்கும்போதே கூடவே எழுந்துகொள்ளும் புரோகிராம்களை டாஸ்க் மேனேஜரில் பார்த்து, வேண்டாதவற்றை நிறுத்தினேன்.

அடுத்தது டீஃபிராக். மடிக்கணினி ஹார்ட் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். ஒரு ஃபைல் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால், படிக்கும் முனை ஒவ்வொன்றையும் தேடி அங்குமிங்கும் ஓடும், தாமதம் அங்கேதான். டீஃபிராக் அந்தத் துண்டுகளைச் சேர்த்து வைக்கிறது. விண்டோஸ் 98 காலத்தில் இது நடக்கும்போது திரையில் வண்ணக் கட்டங்கள் இடம் மாறும். சினிமா போலப் பார்த்துக்கொண்டிருப்பேன். மேலதிகாரி வந்தால், "கம்ப்யூட்டர் வேலை செய்யுது சார்" என்பேன். பொய்யில்லையே!

இப்போது விண்டோஸே வாரம் ஒருமுறை இதைச் செய்துகொள்கிறது. எஸ்எஸ்டி என்றால் இந்தக் கதையே வேறு: அதில் சுழல்வது எதுவும் இல்லை, சிதறினாலும் தேடும் ஓட்டம் இல்லை. வெளியிலிருந்து டீஃபிராக் மென்பொருள் ஓட்டினால் வீணாக எழுதியழித்து அதன் ஆயுளைத்தான் குறைப்போம். பழைய கணினிக்கு உண்மையிலேயே செலவு செய்ய மனம் இருந்தால், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். வேறெந்த வைத்தியமும் அவ்வளவு வேகம் தராது.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் சுத்தம் செய்யவும் வேண்டாம், டீஃபிராக்கும் வேண்டாம். படங்களையும் பத்திரங்களையும் உடனே வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.