மேசைமேல் மதராஸ் சிப்பாய்கள்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமை ஒட்டிய ஊர் ஒன்றின் பொதுக்கூடம். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வாசலில் கார்கள் வந்து நிற்க, பின்பக்கக் கதவுகளைத் திறந்து பெட்டி பெட்டியாக இறக்குகிறார்கள். பெட்டிக்குள் பஞ்சுத் தட்டில் குழி வெட்டி வரிசையாகப் படுக்க வைக்கப்பட்டிருப்பவர்கள் சிப்பாய்கள். ஒவ்வொருவரின் உயரமும் 28 மில்லிமீட்டர்.

உள்ளூர் போர் விளையாட்டுக் கிளப் ஒன்று கூடும் நாள் அது. ஒரு மேசையில் வைக்கிங்குகள், இன்னொன்றில் இரண்டாம் உலகப்போர் டாங்கிகள். பள்ளிப் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டிருந்த மேசையில் ‘வார்ஹேமர் 40,000’ விண்வெளி வீரர்கள். கூடத்தின் கோடியில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, நான்கைந்து பேர் ஓர் ஆற்றை விரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். அந்த ஆறு கைட்னா. மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில், 1803 செப்டம்பர் 23 அன்று அசாயே போர் நடந்த இடம்.

சிவப்புக் கோட்டு அணிந்த பிரிட்டிஷ் படையில் பெரும்பகுதி மதராஸ் சிப்பாய்கள். பின்னாளில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லஸ்லியிடம் அன்று இருந்த காலாட்படையில் ஸ்காட்லாந்து ரெஜிமென்ட்டுகள் இரண்டுதான். மற்றவை மதராஸ் பட்டாலியன்கள். எதிரே சிந்தியாவும் பேரார் போன்ஸ்லேயும் திரட்டிய மராத்தியப் படை, சுமார் நூறு பீரங்கிகளோடு.

சிப்பாய்களுக்கு வண்ணம் தீட்டியவர் ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர். ஒருவனை எடுத்துக் கையில் கொடுத்தார். சிவப்புக் கோட்டு, நீலத் தலைப்பாகை, தொடையோடு நிற்கும் வெள்ளைக் கால்சட்டை, காலில் செருப்பு. கால்சட்டை விளிம்பில் நீலநிறப் பல்வரிசைக் கரை. அந்தக் கரையின் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒரு பல்லுக்கு ஒரு தொடுப்பு என்று போடுகிறார். முதலில் வார்ப்பின் பிசிறை அரத்தால் தேய்த்தெடுக்க வேண்டும். பிறகு ப்ரைமர், அதன்மேல் நிறங்கள், அதன்மேல் மடிப்புகளில் போய்த் தங்கும் நீர்த்த பழுப்பு மை. அது காய்ந்ததும் மேடான இடங்களில் மட்டும் வெளிர்நிறம். ஒரு பட்டாலியனுக்கு இருபத்துச் சொச்சம் பேர். குளிர்காலம் முழுக்க இந்த வேலைதான் நடந்ததாம்.

தலைப்பாகைக்கு எந்த வடிவம் என்பதில் அவர் பட்ட பாடு அதிகம். 1805 நவம்பரில் மதராஸ் படைக்குப் புதுத் தலைப்பாகை உத்தரவானது. தோல் இலச்சினை வைத்த அது வெள்ளைக்காரர் தொப்பியைப் போலிருந்தது. நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் தடை சேர்ந்தே வந்தது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். அசாயேயில் நின்றவர்கள் தலையில் இருந்தது அதற்கு முந்தையது. இரண்டையும் குழப்பிவிடக் கூடாதென்று பழைய ஓவியங்களைத் தேடிப் பார்த்திருக்கிறார். நம்மூர்ச் சிப்பாயின் உடைக்கு இத்தனை அக்கறை காட்டிய இன்னொரு கையை நான் பார்த்ததில்லை.

நாட்டிங்ஹாம் வட்டாரம் இத்தகைய சிற்றுருக்களை வார்க்கும் தொழிலுக்குப் பேர்போனது. 1975-இல் லண்டனில் தொடங்கிய கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனத்தின் தலைமையகம் இங்கேதான். அங்கே வேலை பழகி வெளியே வந்து தனிக்கடை போட்டவர்களும் ஏராளம். மூல உருவை எப்பாக்ஸி மாவில் செதுக்கி, ரப்பர் வட்டில் அச்செடுத்து, வட்டைச் சுழலவிட்டு உருகிய வெள்ளீயக் கலவையை ஊற்றுகிறார்கள். சுழற்சி வேகத்தில் உலோகம் விரல்நுனி வரை பாய்ந்து நிறைகிறது. இங்குள்ள இரட்டையரான மைக்கேல், ஆலன் பெர்ரி இருவரும் பெயர்பெற்ற உருச்செதுக்குநர்கள். 1996-இல் பிரான்சின் கிரெசியில் நடந்த போர் மீள்நடிப்பில் பீரங்கி வெடித்து மைக்கேல் வலது கையை இழந்தார். இடது கையால் செதுக்கப் பழகி மீண்டும் தொழிலுக்கு வந்தார். இந்தக் கைவினையை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆட்டம் பத்தரைக்குத் தொடங்கியது. விதிப்புத்தகம் 2009-இல் வெளிவந்த ‘பிளாக் பவுடர்’. தளபதியாக ஆடுபவர் தம் உத்தரவை முதலில் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்: இந்தப் பட்டாலியன் இந்த வேலி வரை போய் நிற்கும், என்று. பிறகுதான் இரண்டு பகடைகள். கூட்டுத்தொகை தளபதியின் திறன் எண்ணைத் தாண்டினால் படை அசையாது. தாண்டாமல் எவ்வளவு குறைகிறதோ, அதைப் பொறுத்து மூன்று நகர்வுகள் வரை கிடைக்கும். இரண்டிலும் ஆறு விழுந்தாலோ உத்தரவு தடம்புரண்டு, படை எங்கேயாவது போய்விடும்.

இது சும்மா சேர்த்த சுவாரசியம் இல்லை. அசாயேயில் உண்மையிலேயே அப்படி நடந்தது. முன்காவல் படையை நடத்திய கர்னல் ஆரக், சொன்ன வழியில் போகாமல் அசாயே கிராமத்தை நோக்கியே போய்விட்டார். பின்னால் வந்த ஸ்காட்லாந்தின் 74-ஆம் ரெஜிமென்ட்டும் பீரங்கி வாயில் போய் விழுந்தது. பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர், காயம்பட்டவர், காணாமற்போனவர் மொத்தம் 1,584 பேர்.

ஆற்றைக் கடக்கும் இடத்திலும் ஒரு விசேஷம். அங்கே துறையே இல்லை என்று வழிகாட்டிகள் அடித்துச் சொன்னார்கள். எதிரெதிர்க் கரையில் இரண்டு கிராமங்கள் முகம் பார்த்து இருப்பதைக் கண்ட வெல்லஸ்லி, நடுவில் இறங்குதுறை இல்லாமலா இருக்கும் என்று ஊகித்தார், இருந்தது. விடை தெரிந்த புதிரை மேசையில் எப்படி வைப்பது? பகடை சம்மதித்தால்தான் துறை தென்படும் என்று விதி செய்திருந்தார்கள். இரண்டு சுற்று தென்படவில்லை. வெல்லஸ்லியாக ஆடிய இளைஞர் இஞ்சு டேப்பைப் பிடித்தபடி கரையோரமாகவே அலைந்தார். பகல் சாப்பாட்டுக்குள் மராத்தியப் பீரங்கி வரிசை அவர் பக்கம் திரும்பிவிட்டது.

ஓர் அளவு கால் இஞ்சு இழுபறியானபோது யாரும் குரல் உயர்த்தவில்லை. ஒரு பகடை போட்டு முடித்துக்கொண்டார்கள். நடுவர் இல்லாத இந்த ஆட்டம் எதிராளியின் நேர்மையை நம்பித்தான் நடக்கிறது.

நாலரை மணிக்கு மராத்தியர் பக்கம் வெற்றி என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பேச்சு அதைப் பற்றி நடக்கவில்லை. உண்மைப் போரில், செத்தவர்போல் பீரங்கிகளுக்கிடையே கிடந்த கோலந்தாசுகள் எனும் மராத்தியப் பீரங்கிவீரர்கள், பிரிட்டிஷ் வரிசை தாண்டிப் போனதும் எழுந்து முதுகில் சுட்டார்கள். அதற்கு விதிப்புத்தகத்தில் இடமில்லை. பிடிபட்ட பீரங்கிக்குக் காவல் நிறுத்தாவிட்டால், ஐந்தோ ஆறோ விழுந்தால் அது மறுபடி சுடும் என்றார் ஒருவர். ஆறு மட்டும் போதும் என்றார் அஞ்சல்காரர். பெட்டிகளில் சிப்பாய்களை அடுக்கிக்கொண்டே வாதாடி, ஐந்துக்கு ஒத்துக்கொண்டு, அடுத்த மாத ஆட்டத்துக்கான தாளில் எழுதிக்கொண்டார்கள்.