பனிமலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு



போன வாரம் பெங்களூரில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், ஜனவரியில நாங்க ஆறு பேர் உத்தராகண்டுக்கு ட்ரெக்கிங் போறோம். கைடு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம், போன்லயே மேப் இருக்கு" என்றான். வாழ்த்திவிட்டு வைத்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நம் ஜவ்வாது மலையில் பனி என்றால் மார்கழிப் பனிதான். காதில் துண்டைக் கட்டினால் போதும், வெயில் ஏறினால் போய்விடும். இமயத்துப் பனி ஆளையே புதைக்கும். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், 19,600 அடி உயரத்தில், மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள். நால்வர் தமிழ்நாட்டவர். அவர்களில் ஹவில்தார் ஏழுமலை நம் வேலூர் மாவட்டத்துக்காரர். ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்டவர் கர்நாடகத்தின் ஹனுமந்தப்பா ஒருவர்தான். பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் அவரும் இறந்தார். பயிற்சி பெற்ற வீரர்களுக்கே இந்த நிலை.

ராணுவத்தில் இருக்கும் இன்னொரு மாணவன் லீவில் வந்தபோது, பனி ஏன் சரிகிறது என்று கேட்டேன். அவன் அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தை வாங்கிக் கொஞ்சம் சாய்த்தான், சாமை நகரவில்லை. இன்னும் சாய்த்தான், மொத்தமாகச் சரிந்தது. "ரொம்பச் செங்குத்தா இருந்தா பனி தங்கவே தங்காது சார். 30-லிருந்து 45 டிகிரி சரிவுதான் எமன்" என்றான்.

பனி அடுக்கடுக்காகப் படிகிறது. நடுவில் சர்க்கரை போலப் பிடிப்பில்லாத அடுக்கு ஒன்று இருந்தால், ஒரு ஆள் மிதித்தாலே மேலடுக்கு பலகை பலகையாக உடைந்து இறங்கும். பனிச்சரிவில் இறக்கும் பயணிகளில் பெரும்பாலோர் தாங்களோ கூட வந்தவரோ கிளப்பிவிட்ட சரிவில்தான் சிக்குகிறார்கள்.

அவன் சொன்னவற்றை வரிசையாக எழுதுகிறேன். பெரும் பனி பெய்த பின் ஓரிரு நாள் சரிவில் ஏறாதீர்கள். காலடியில் 'தொம்' என்று சத்தம் கேட்டாலோ, பனியில் விரிசல் ஓடினாலோ உடனே திரும்புங்கள். கடக்கத்தான் வேண்டுமென்றால் ஒவ்வொருவராகக் கடந்து, மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று பாருங்கள். சண்டிகரில் உள்ள டி.ஆர்.டி.ஓ. ஆய்வு நிறுவனம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். ஒவ்வொருவரிடமும் சிக்னல் கருவி, நீளக் கம்பி, மண்வெட்டி மூன்றும் இருக்க வேண்டும். புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரை மணி தாண்டினால் நம்பிக்கை வேகமாகக் குறையும். மீட்புப் படை வரும்வரை உயிர் காத்திருக்காது. கூட இருப்பவன்தான் மீட்புப் படை.

இனி, நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஐப்பசி மாலை, கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் காட்டாற்றில் இறங்கினேன். கரையில் நின்ற ஐந்தாம் வகுப்புப் பையன், "சார், தண்ணி கலங்குது, மேல மழை. வேணாம்" என்றான். நான் கேட்கவில்லை. பாதி ஆற்றில் திரும்பிப் பார்த்தால் அவனும் என் பின்னால் வருகிறான். வெள்ளம் இடுப்புக்கு ஏறியது. அவன் அப்பா ஓடிவந்து இருவரையும் இழுத்துப் போட்டார். "வேணாம்னு தெரிஞ்சும் ஏன்டா இறங்கின?" என்று கேட்டேன். "வாத்தியாரே இறங்கிட்டாரேன்னு" என்றான்.

அந்தப் பதில் இன்றும் என்னைச் சுடுகிறது. மலையில் ஆபத்து தெரியாமல் சாகிறவர்கள் உண்டு. தெரிந்தும், முன்னால் போகிறவன் நிற்கவில்லையே என்று வாய்மூடிப் போகிறவர்களும் உண்டு. உங்கள் ஆறு பேரில் ஒருவர் "வேண்டாம்" என்றாலும் ஆறு பேரும் திரும்ப வேண்டும். இதைக் கிளம்பும் முன்பே பேசி வையுங்கள். உள்ளூர் வழிகாட்டியைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். நமக்கு நம் காட்டாறு தெரிவதுபோல அவருக்கு அந்தச் சரிவு தெரியும்.

தம்பி, இதைப் படித்ததும் எனக்குப் போன் பண்ணு. உச்சியைப் பார்க்காமல் திரும்பி வந்தாலும் நான் நூற்றுக்கு நூறு போடுவேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்