கதைக்குள் வந்த ஊர் பூன்ஸ்பரோ

வாசகிகளே, ஊர் பார்க்கப் போவதென்றால் நாம் பெரும்பாலும் மலையையும் கடலையும் பழைய கோட்டைகளையும்தான் தேடிப் போவோம். இம்முறை உங்களை அழைத்துச் செல்லப் போகும் ஊரோ, ஒரு காதல் நாவலால் வெளியுலகுக்குத் தெரியவந்த ஊர். நாவலை வாசித்து முடித்த பெண்கள், "இப்படியொரு சந்தியும் அந்தப் புத்தகக் கடையும் உண்மையிலேயே இருக்கின்றனவா?" என்று பார்த்துவிட விரும்பும் ஊர். அதன் பெயர் பூன்ஸ்பரோ.

அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலத்தில், தலைநகர் வொஷிங்டனிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தூரத்தில் இவ்வூர் இருக்கிறது. பிரெடரிக் நகரைக் கடந்து பழைய பாதையால் போனால் சவுத் மவுண்டன் என்னும் நீண்ட மலைத்தொடர் குறுக்கே வரும். அதில் ஏறி மறுபக்கம் இறங்கினால் அடிவாரத்தில் பூன்ஸ்பரோ. 1792இல் ஜோர்ஜ் பூன், வில்லியம் பூன் என்ற சகோதரர்கள் இருவர் அமைத்த ஊர் இது. 2020ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்போதும் இதன் சனத்தொகை நாலாயிரத்தை எட்டவில்லை. முக்கியமான தெரு ஒன்றே ஒன்றுதான். அதன் பெயரும் மெயின் ஸ்ட்ரீட்தான்.

இந்தத் தெருவுக்கு ஒரு பெருமை உண்டு. பூன்ஸ்பரோவுக்கும் ஹேகர்ஸ்டவுனுக்கும் இடைப்பட்ட பாதை முன்பு சேறும் சகதியுமாகக் கிடந்தது. மாரிகாலத்தில் அந்தப் 16 கிலோமீற்றரைக் கடக்கக் குதிரை வண்டிகளுக்கு ஐந்து முதல் ஏழு மணித்தியாலம் பிடிக்குமாம். 1823இல் கருங்கல்லைச் சிறு சிறு துண்டுகளாக உடைத்து, அடுக்கடுக்காகப் பரப்பி, உருளையால் அழுத்திப் பாதை போட்டார்கள். மக்கடம் முறை என்று சொல்லப்படும் அந்த முறையில் அமெரிக்காவில் போடப்பட்ட முதற் பாதை இதுதான்.

பாதை இருந்தால் பயணிகள் வருவார்கள்; பயணிகள் வந்தால் தங்க இடம் வேண்டும். மெயின் ஸ்ட்ரீட்டின் நடுச் சந்தியில், 1790களில் எழுந்த கருங்கற் கட்டடமொன்று அப்படித்தான் நெடுங்காலம் தங்குவிடுதியாக இருந்தது. காலம் மாறியது. பெரிய நெடுஞ்சாலைகள் வேறு பக்கத்தால் போயின. கட்டடம் கைமாறிக் கைமாறி, பராமரிப்பின்றிப் பாழடைந்தது. ஊரின் நடுச் சந்தியிலேயே ஒரு பாழடைந்த வீடு நின்றால் ஊருக்கே களை போய்விடும் அல்லவா?

இனி, அந்தக் கட்டடத்தை வாங்கிய பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோரா ரொபேர்ட்ஸ் 1950இல் மேரிலண்டிலேயே பிறந்தவர். 1979 பெப்ரவரியில் பெரும் பனிப்புயல் அடித்தது. பாடசாலை மூடப்பட்டது. இரண்டு சிறு பையன்களோடு நாட்கணக்காக வீட்டுக்குள் அடைபட்டுப் போன அவர், ஒரு கொப்பியையும் பென்சிலையும் எடுத்து, மனத்தில் கிடந்த கதையொன்றை எழுதத் தொடங்கினார். அனுப்பிய கதைகள் பல திரும்பி வந்தன. "எங்களிடம் ஏற்கனவே ஓர் அமெரிக்க எழுத்தாளர் இருக்கிறார்" என்று பதில் சொன்ன பதிப்பகமும் உண்டாம். 1981இல் அவருடைய முதல் நாவல் வெளிவந்தது. அதற்குப் பின் அவர் எழுதிய நாவல்கள் 200க்கும் அதிகம்.

வீட்டில் புத்தகத் தட்டுகள் செய்து தர வந்த ஓடாவியாரையே அவர் 1985இல் மணமுடித்தார். அவருடைய கணவர் 1995இல் பூன்ஸ்பரோ மெயின் ஸ்ட்ரீட்டில் ஒரு புத்தகக் கடை திறந்தார். 'டேர்ன் த பேஜ்' என்பது அதன் பெயர். பக்கத்தைப் புரட்டு என்று பொருள். 2007இல் நடுச் சந்தியின் பழைய விடுதியையும் வாங்கித் திருத்த ஆரம்பித்தார்கள். வேலை நடந்துகொண்டிருந்தபோது, 2008 பெப்ரவரியில் தீப்பிடித்தது. கற்சுவர்கள் நின்றன, மற்றவை பெரும்பாலும் கரியாகிவிட்டன. அத்தோடு கைவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர்கள் மறுபடி தொடங்கினார்கள். சரியாக ஓராண்டு கழித்து, 2009 பெப்ரவரியில் விடுதி திறக்கப்பட்டது.

விடுதியில் எட்டு அறைகள். அவற்றில் ஏழுக்குக் காதல் கதைகளில் வரும் சோடிகளின் பெயர்கள். எலிசபெத்தும் டார்சியும் ஓர் அறைக்கு, ஜேனும் ரொச்செஸ்டரும் இன்னோர் அறைக்கு. பெயர் தெரிவு செய்யும்போது ஒரு நிபந்தனை வைத்தார்கள்: கதையின் முடிவில் அந்த இருவரும் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். அதனால் ரோமியோவுக்கும் ஜூலியட்டுக்கும் அங்கே இடமில்லை!

இந்த வேலைகளின் பின்னர்தான் நாவல் வந்தது. 'த நெக்ஸ்ட் ஓல்வேஸ்' 2011இல் வெளியானது. அதன் தொடர்ச்சியாக 2012இல் மேலும் இரண்டு நாவல்கள் வந்தன. சிற்றூர்க் காதல் கதைகள் என்று அமெரிக்காவில் ஒரு தனிவகையே உண்டு. ரொபின் கார் எழுதிய 'வேர்ஜின் ரிவர்' கதைகளும் அவ்வகையே. ஆனால் அவர் சொன்ன ஊர் கற்பனை ஊர். நோரா ரொபேர்ட்ஸோ பூன்ஸ்பரோவைப் பெயர் மாற்றாமலே எடுத்துக்கொண்டார். விடுதி, எதிர்ப்புறத்துப் புத்தகக் கடை, பீட்ஸாக் கடை எல்லாம் தம் இடத்திலேயே கதைக்குள் வந்துவிட்டன.

கதை இதுதான். மொன்ட்கொமரி குடும்பத்துத் தாயொருத்தி தன் மூன்று ஆண்மக்களையும் கொண்டு பழைய விடுதியைத் திருத்துகிறாள். மூவரில் பெக்கெட் என்பவன் கட்டடக்கலைஞன். எதிரே புத்தகக் கடை நடத்தும் கிளேரைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அவன் விரும்பி வந்தவன். அவளோ வேறொருவரை மணந்து ஊரைவிட்டுப் போனாள். கணவன் ஈராக் யுத்தத்தில் உயிரிழந்ததும், ஆண்பிள்ளைகளோடு பிறந்த ஊருக்கே திரும்பி வந்தாள். கதை நடக்கும் வேளையில் அவளுக்கு மூன்று பையன்கள்.

இங்கேதான் இந்த நாவல் நம் மனத்தைத் தொடுகிறது. இளம் விதவை ஒருத்தி மறுமணத்தைப் பற்றி நினைத்தால், அவளுக்கு முன்னால் எழும் முதற் கேள்வி அவளைப் பற்றியதாகவே இருக்காது. "என் பிள்ளைகளை இவர் தன் பிள்ளைகளாகப் பார்ப்பாரா?" என்றுதான் அவள் யோசிப்பாள். கிளேரும் அப்படித்தான். கடைக்கணக்குப் பார்க்க வேண்டும், சமைக்க வேண்டும், பையன்களின் சண்டையைத் தீர்க்க வேண்டும். இத்தனைக்கும் நடுவே ஒரு மாலைப்பொழுதைத் தனக்கென்று ஒதுக்கக்கூட அவளுக்கு முடிவதில்லை. அவளுடைய பரபரப்பான வீட்டுக்குள் பொறுமையாக இடம்பிடிக்கத் தெரிந்தவனாக இருப்பதே பெக்கெட்டின் தகுதி. அழகான வார்த்தைகளைவிட, பையன்களோடு தரையில் உட்காரத் தெரிந்திருப்பது பெரிது என்பதை ஆசிரியை நன்கு அறிந்திருக்கிறார். பனிப்புயலில் இரண்டு பிள்ளைகளோடு அடைபட்டிருந்தவர் அல்லவா!

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க நாவல்களின் வழக்கப்படி இதிலும் படுக்கையறைக் காட்சிகள் உண்டு. புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தால், வயதுவந்த பெண்பிள்ளைகள் கையில் எடுக்குமுன் தாய்மார் இதை அறிந்திருப்பது நல்லது.

இன்னொரு கேள்வியும் நியாயமானது. சொந்த விடுதியைத் தன் நாவலிலேயே வைத்து எழுதினால் அது கதையா, விளம்பரமா? இரண்டும்தான் என்பது எமது எண்ணம். அறையின் நிறம், தரையோடு, விளக்கு என்று பக்கம் பக்கமாக வர்ணனை போகும் இடங்களில் ஒரு வியாபாரியின் குரல் கேட்கத்தான் செய்கிறது. கதையில் வரும் ஊர், நிஜ ஊரைவிடச் சுகமான ஊர் என்பதும் உண்மை. அங்கே எடுத்த வேலை முடியாமல் நிற்பதில்லை. பணமுடை யாருக்கும் பெரிதாக வருவதில்லை. அன்பிருந்தால் பாழடைந்த வீடும் எழுந்து நிற்கும் என்கிறது நாவல். நிஜத்தில் எரிந்த வீட்டை எழுப்ப நிறையப் பணமும் ஓராண்டு உழைப்பும் தேவைப்பட்டன.

ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பாருங்கள். காதல் நாவல் என்றால் சமையலறைப் பெண்கள் பொழுதுபோக்க வாசிக்கும் மலிவுப் புத்தகம் என்று எள்ளி நகையாடுவோர் எங்கும் உண்டு. அந்த மலிவுப் புத்தகங்களை, வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, ஒவ்வொன்றாக வாங்கிய பெண்கள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். ஒரு சிற்றூரின் நடுச் சந்தியில் கரியாகிப் போன கட்டடம் திரும்ப எழுந்ததற்குப் பின்னால் அவர்களுடைய சில்லறைக் காசு இருக்கிறது. அந்தச் சந்தியில் நின்று பார்த்தால் கிளேரும் இல்லை, பெக்கெட்டும் இல்லை. வாசித்த பெண்களின் பங்கு மட்டும் கல்லாகவும் மரமாகவும் கண்ணெதிரே நிற்கிறது.

இந்த ஊருக்குத் துயரமும் தெரியும். தென்மேற்கே சுமார் பத்துக் கிலோமீற்றர் தூரத்தில்தான் அன்டீட்டம் போர்க்களம். உள்நாட்டு யுத்தத்தின்போது, 1862 செப்டெம்பர் 17ஆம் திகதி ஒரே நாளில், கொல்லப்பட்டோரும் காயமுற்றோரும் காணாமற் போனோருமாக ஏறக்குறைய 23,000 பேர் அங்கே வீழ்ந்தார்கள். காயப்பட்டவர்களைப் பூன்ஸ்பரோவின் வீடுகளுக்கும் தேவாலயங்களுக்கும் தூக்கி வந்தார்கள். நாவலின் விடுதியில் பில்லி என்பவனுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் ஆவி உலவுவதாக ஆசிரியை எழுதியிருக்கிறார். அது கற்பனைதான். போருக்குப் போனவர்களை எதிர்பார்த்து வாசலில் நின்ற பெண்கள் கற்பனையல்ல. ஒரே ஊரில் அந்தக் காலத்துப் பெண்ணையும் ஈராக்கில் கணவனை இழந்த கிளேரையும் ஆசிரியை அருகருகே வைத்திருக்கிறார்.

புறப்படுமுன் மலைக்கும் ஒருதடவை ஏறிவிடுவோம். 1827 ஜூலை 4ஆம் திகதி காலை, ஊரவர்கள் திரண்டு மேலே போய், ஜோர்ஜ் வொஷிங்டனின் நினைவாகக் கற்களை அடுக்கி ஒரு கோபுரம் எழுப்பத் தொடங்கினார்கள். அன்று மாலைக்குள் அது 15 அடி உயர்ந்துவிட்டது. அவ்வாண்டிலேயே கட்டி முடிக்கப்பட்ட அதுவே, அவருக்காகக் கட்டி முடிக்கப்பட்ட முதல் நினைவுக் கோபுரம். பின்னர் அது இடிந்தது, திருத்தினார்கள், மறுபடி இடிந்தது. 1930களில் திரும்பவும் கட்டினார்கள். அங்கிருந்து கீழே பார்த்தால் வயல்களும் வீடுகளுமாகப் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும்.

இனி உங்கள் கையில் ஒரு சிற்றூர்க் காதல் கதை கிடைத்தால், காதலர் எப்படிச் சேர்ந்தார்கள் என்பதோடு நின்றுவிடாதீர்கள். அந்த ஊரில் யார் யாருடைய சுமையைத் தூக்குகிறார்கள் என்றும் கவனித்துப் பாருங்கள். கதை நல்ல கதையா என்பது அதிலே தெரிந்துவிடும்.