போட் மெயில் போன வழி

எழும்பூரில் ஒரே டிக்கட்டை வாங்கிக்கொண்டு கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கிய காலம் ஒன்று இருந்தது என்றால், நம் சங்கத்துப் பிள்ளைகள் நம்புவதில்லை. நடுவில் கடல் இருக்கிறதே என்கிறார்கள். கடல் இருந்ததனாலேதான் அவ்வண்டிக்குப் 'போட் மெயில்' என்று பெயர் வந்தது.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, அவ்வண்டி போய் நின்ற இடத்தைக் காணும் பொருட்டுத் தனுஷ்கோடிக்குச் சென்றேன். ஸ்டேஷனின் சுவர்கள் சிலவும் ஒரு தேவாலயத்தின் எலும்புக்கூடும் மணலில் நிற்கின்றன. சங்கு விற்கும் கடைகளுக்குக் குறைவில்லை.

முற்காலத்தில் இலங்கை செல்வோர் தூத்துக்குடி வரை ரயிலில் போய்க் கப்பலேறினர். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் வழி மாறிற்று. எழும்பூரில் புறப்பட்ட வண்டி திருச்சி, மானாமதுரை, மண்டபம் வழியாகப் பாலத்தைக் கடந்து, தனுஷ்கோடியில் கப்பல் துறைக்கே போய் நிற்கும். பெட்டி படுக்கையுடன் சில அடி நடந்தால் கப்பல். 'இர்வின்', 'கோஷன்' என்னும் அக்கப்பல்களும் தென்னிந்திய ரயில்வேக்கே உரியவை. ஒன்றுக்கு வைஸ்ராயின் பெயர், மற்றொன்றுக்குச் சென்னைக் கவர்னரின் பெயர். 20 மைல் சொச்சம் கடலைச் சுமார் இரண்டு மணி நேரத்தில் தாண்டினால் தலைமன்னார். அங்கே கொழும்பு ரயில் காத்திருக்கும்.

வியாபாரிகளும் யாத்திரிகர்களும் சென்ற அவ்வழியே கங்காணிகளின் பின்னால் தோட்டத் தொழிலாளரும் சென்றனர். அவர்களை மண்டபம் முகாமில் இறக்கி, நோயில்லை என்று தெரிந்த பிறகே கப்பலேற்றினார்கள்.

என் பெரியப்பா அவ்வண்டியில் சென்றவர். மலைநாட்டுத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அப்பேச்சுவார்த்தையில் அத்தொழிலாளரை யாரும் கேட்கவில்லை என்பார் பெரியப்பா. அதற்கு இரண்டு மாதங்கூட ஆகவில்லை. டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயல் வந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் வண்டி, ஊரை அடையும் முன்பே அலையில் மூழ்கிற்று. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் மீளவில்லை.

பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்னும் இளம் என்ஜினீயர் 46 நாட்களில் செப்பனிட்டார். தனுஷ்கோடிப் பாதையை மறுபடி யாரும் போடவில்லை. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிற்று. இலங்கையில் கலவரம் மூண்ட பின், 1984-இல் அதுவும் நின்றது.

பெரியப்பா 1971-இல் அக்கப்பலில் திரும்பினார். ஒரு டிரங்குப் பெட்டி, இரு குழந்தைகள், மண்டபம் முகாமில் சில நாட்கள். பிறந்த ஊரார் அவரைக் கடைசி வரை 'சிலோன்காரர்' என்றே அழைத்தனர். (ஊருக்குப் போனால் நம்மை 'டில்லிக்காரர்' என்கிறார்களே, அப்படித்தான், ஆனால் நமக்குத் திரும்பி வர டிக்கட் இருக்கிறது.)

சென்னையிலிருந்து ராமேஸ்வரம் போகும் வண்டியை மக்கள் இன்றும் போட் மெயில் என்றே சொல்லுகிறார்கள். போரில் அழிந்த தலைமன்னார்ப் பாதையில் 2015-இல் மீண்டும் ரயில் வந்தது. இப்பால் பாம்பனில் 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தாயிற்று. அரிச்சல்முனையில் மாலை வரை நின்றேன். தலைமன்னார் கண்ணுக்குத் தெரியவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிற்றென்று கண்டக்டர் விசில் ஊதினார்.