மூர் மார்க்கெட் நின்ற இடம்

சென்னை சென்ட்ரலுக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவே 13 மாடி ரயில்வே கட்டடம் ஒன்று நிற்கிறது. உள்ளே புறநகர் ரயில் நிலையமும் முன்பதிவு கவுன்ட்டர்களும், வாசலில் கார் நிறுத்தமும் இருக்கின்றன. மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். ஆனால் மார்க்கெட் என்று சொல்ல அங்கே எதுவும் கிடையாது. 1980-களின் தொடக்கத்தில் கடல் கடந்து போய், இப்போது ஊர் திரும்புகிறவர் திகைத்து நிற்பது இந்த இடத்தில்தான்.

அவர் சித்தூர் மாவட்டத்துப் பங்காருபாளையத்துக்காரர் என்றால் திகைப்பு சற்றுக் கூடும். அந்த மாவட்டம் 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலத்தோடு போனது. தலைநகரம் கர்நூலுக்கும் பிறகு ஹைதராபாத்துக்கும் மாறினாலும், அந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பட்டணம் என்றால் மெட்ராஸ்தான். பஸ்ஸில் சித்தூர், அங்கிருந்து காட்பாடி, காட்பாடியில் ரயில் ஏறினால் சென்ட்ரல். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே மூர் மார்க்கெட்டின் சிவப்புச் செங்கல் சுவர்.

அந்த மனை முதலில் பூங்காவின் ஒரு பகுதி. ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் காலத்தில், 1859-ஐ ஒட்டி, 116 ஏக்கரில் மக்கள் பூங்கா அமைக்கத் திட்டமிட்டார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்வர்ட் பால்ஃபர் 1855-ல் தொடங்கிய மிருகக்காட்சிசாலையும் சில ஆண்டுகளில் இங்கே வந்து சேர்ந்தது. ஊரார் அதை உயிர் காலேஜ் என்றார்கள், அருங்காட்சியகம் செத்த காலேஜ் ஆனது. 1873-ல் சென்ட்ரல் நிலையம் வந்தபின் பூங்காவின் ஓரம் நகரத்தின் வாசலாகிவிட்டது. வாசலில் இருக்கும் நிலம் சும்மா கிடக்குமா?

பாப்ஹாம்ஸ் பிராட்வேயில் இருந்த பழைய சந்தை நெரிசலும் அழுக்குமாக இருந்ததால் மாநகராட்சி புதிய சந்தை ஒன்று கட்ட முடிவு செய்தது. 1898-ல் அடிக்கல் நட்டு, 1900-ல் திறந்தார்கள். மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூரின் பெயரை வைத்தார்கள். ஆர். ஈ. எல்லிஸ் இந்தோ சாரசெனிக் பாணியில் வரைந்த கட்டடம்: நடுவில் திறந்த முற்றம், நான்கு பக்கமும் கடைகள்.

காய்கறி, இறைச்சி விற்கவே சந்தை கட்டப்பட்டது. பேர் வாங்கிக் கொடுத்ததோ பழைய சாமான்களும் பழைய புத்தகங்களும். இசைத்தட்டு, கடிகாரம், பீங்கான், புறா, முயல், வண்ண மீன் என எல்லாம் அங்கே கிடைத்தன. கல்லூரிப் பையன் தேர்வு முடிந்ததும் பாடப்புத்தகத்தைப் போட்டுவிட்டு அடுத்த ஆண்டுக்கானதை எடுத்துப் போவான். முதல் பக்கத்தில் மூன்று பெயர்களை அடித்து நாலாவதாக ஒன்று எழுதியிருக்கும். கடைக்காரர் இருபது ரூபாய் என்றால் ஐந்தில் தொடங்குவதுதான் முறை. கேட்ட விலையைக் கொடுப்பவர் ஊருக்குப் புதியவர் என்று தெரிந்துவிடும். இந்த வியாபாரத்தில் பாதி சென்ட்ரல் போட்ட பிச்சை. அடுத்த ரயிலுக்கு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியவருக்கு வேறு போக்கிடம் ஏது?

அதே சென்ட்ரல்தான் சந்தையை விழுங்கியது. 1980-களில் நிலையத்தை விரிவாக்க ரயில்வேக்கு நிலம் வேண்டியிருந்தது. ஒட்டியிருந்த மனையைக் கேட்டது. இந்த நிலையில் 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. தீ தானாகப் பற்றியதா என்ற கேள்வி ஊரில் இன்றும் உண்டு. எப்படியானாலும், எரிந்ததைத் திருப்பிக் கட்டும் பேச்சு எடுபடவில்லை. நிலம் ரயில்வே கைக்குப் போனது. அதே ஆண்டு மிருகக்காட்சிசாலையும் இடம் மாறி வண்டலூரில் திறக்கப்பட்டது. அதன்பின் மிருகக்காட்சிசாலையையும் சந்தையையும் தேடி வந்தவனுக்கு அங்கே இரண்டுமே இல்லை.

கடைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே, அல்லிக்குளம் இருந்த இடத்தில் எழுந்த வணிக வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். பழைய புத்தகம் இன்றும் அங்கே கிடைக்கிறது, பேரமும் நடக்கிறது. ஆனால் சென்ட்ரலில் இறங்கியவர் கால்போன போக்கில் உள்ளே நுழையும் இடமாக அது ஆகவில்லை. இடமாற்றத்தில் கடைக்காரர்கள் இழந்தது சுவரையும் கூரையையும்விட இந்த வழிப்போக்கரைத்தான்.

ரயில்வே வளாகத்தின் முன்னால் பழைய சந்தையின் சிறு மாதிரி ஒன்றை வைத்திருக்கிறார்கள். கார்களுக்கு நடுவே நிற்பதால் பலர் கவனிப்பதில்லை. பூமிக்கடியில் 2018 முதல் மெட்ரோ நிலையமும் இயங்குகிறது. இரண்டு வழித்தடங்கள் அங்கே சந்திக்கின்றன. அரக்கோணம், திருத்தணி, கும்மிடிப்பூண்டி மின்ரயில்களும், எல்லை தாண்டி ஆந்திரத்துச் சூளூர்ப்பேட்டை வரை போகும் ரயில்களும் மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கிளம்புகின்றன. பங்காருபாளையம் போகிறவருக்கு அவை உதவாது. அவர் பக்கத்துச் சென்ட்ரலுக்கு நடந்து, ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து சித்தூர் சேர்ந்து, தன் ஊர் வழியாகப் போகும் பலமநேர் பஸ் ஏற வேண்டும்.