ரெக்கார்டு ரூம்காரர்களின் மாநாடு

மாநாடு என்றால் நம் ஊர்க்காரர்களுக்குக் கட்சி மாநாடுதான் ஞாபகம் வரும். பந்தல், கொடி, லாரி லாரியாக ஆட்கள். ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் தூசியோடு குடித்தனம் நடத்துகிற எங்களுக்கும் மாநாடு உண்டு என்று சொன்னால் அரசாங்க ஆபீசிலேயே சிரிப்பார்கள். "அங்க போயி என்ன சார் பேசுவீங்க? எந்த அலமாரியில எந்தக் கட்டு இருக்குன்னா?" என்று கணக்குப் பிரிவு நண்பர் ஒருவர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. டி.ஏ. பில் அவர் மேஜை வழியாகத்தான் போக வேண்டும்.

இந்தத் தொழிலுக்கு மாநாடு புதிதல்ல. 1928-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்ட கிரேஸ் வைட்டிங் மையர்ஸ் என்ற அம்மையார், தம்மைப் போன்றவர்களை ஒன்று சேர்த்துச் சங்கம் வைத்தார். அப்போது அவர்களுக்குப் பெயர் ரெக்கார்டு லைப்ரரியன். 1970-இல் அந்தச் சங்கம் 'மெடிக்கல் ரெக்கார்டு' என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1991-இல் 'ஹெல்த் இன்ஃபர்மேஷன் மேனேஜ்மென்ட்' ஆகிவிட்டது. உலக அளவில் முதல் மாநாடு 1952-இல் லண்டனில் கூடியது. 1968-இல் ஸ்டாக்ஹோமில் கூடியபோது சர்வதேசக் கூட்டமைப்பே உண்டானது. பெயர்தான் வளர்ந்துகொண்டே போகிறதே தவிர, நோயாளி கேட்கும்போது அவருடைய கட்டு கைக்கு வர வேண்டும் என்கிற வேலை மாறவில்லை.

நான் முதலில் போனது 1987-இல், மெட்ராசுக்கு. அப்போது மேல்நிலை எழுத்தராக ஓர் அரசு மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவில் இருந்தேன். எந்த ஊர் மருத்துவமனை என்று சொல்லத் தேவையில்லை. புதுச்சேரி அரசாங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், காரைக்கால், மாகே, ஏனாம் என்று எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போடுவார்கள். மாநாட்டுக்கு அழைப்பு வந்தால் வழக்கமாக ஒரு டாக்டரை அனுப்புவார்கள். அந்த வருஷம் போக இருந்தவருக்கு வீட்டில் விசேஷம். பணம் கட்டியாகிவிட்டது, வீணாக்கக் கூடாது என்பதற்காக என் பெயரை எழுதினார்கள். ஃபைல் ஆறு மேஜை ஏறி இறங்கிக் கிளம்பும் நாளுக்கு முந்தின நாள் மாலைதான் கையெழுத்தானது.

போகும்போது என் சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒரு கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். படுத்த படுக்கையாக மூன்று வாரத்துக்கு மேல் இருந்தார். நெஞ்சில் சளி கட்டி நிமோனியாவாகி இறந்துபோனார். ராத்திரி டியூட்டி டாக்டர் கொடுத்த குறிப்பில் இறப்புக்குக் காரணம் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்று ஒரே வரி. அதாவது இதயமும் மூச்சும் நின்றுவிட்டன. அவர் மனைவி தொழிலாளர் நஷ்ட ஈடு கேட்டு மனுப் போட்டபோது, கான்ட்ராக்டர் தரப்பு அந்தக் குறிப்பையே எடுத்துக் காட்டியது. "பாருங்க, ஆள் ஹார்ட் அட்டாக்கில போயிருக்கார். சாரத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அந்தம்மா மூன்று தடவை எங்கள் ஜன்னலுக்கு வந்தார். அட்மிஷன் சீட்டு தொலைந்துபோயிருந்தது. நம்பர் தெரியாது. "ஐயா, அவரு விழுந்ததை ஊரே பாத்துச்சு. ஆஸ்பத்திரி பேப்பர்ல மட்டும் ஏன்யா இல்ல?" என்று கேட்டார். அவர் பெயரையும் கணவர் பெயரையும் எழுதிய சீட்டுதான் என் பையில் இருந்தது.

மாநாடு ஒரு கல்லூரி அரங்கத்தில். ரெக்சின் பை, நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ், மதியம் சாம்பார் சாதத்துக்குப் பெரிய வரிசை. முதல் நாள் பெரும்பாலும் மாலை மரியாதை. பிறகு ஒருவர் படுக்கைக் கணக்குப் பற்றிக் கட்டுரை வாசித்தார். ஓவர்ஹெட் புரொஜெக்டரில் தாளைத் தலைகீழாக வைத்துவிட்டு அதைக் கவனிக்காமலே கால் மணி நேரம் பேசினார். முன்வரிசையில் இருந்தவர்களும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் நோய்களுக்கு எண் கொடுக்கும் முறையைப் பற்றிய பேச்சு. அதில்தான் எனக்கு உயிர் வந்தது. பேசியவர் 'பெர்டில்லன்' என்றார். பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்குக் காது கூசியது. மனத்துக்குள் 'பெர்தியோன்' என்று திருத்திக்கொண்டேன். ழாக் பெர்தியோன், பாரிஸ் நகரத்தின் புள்ளிவிவரத் துறைத் தலைவர். குற்றவாளிகளின் உடம்பை அளந்து அடையாளம் கண்டுபிடிக்கும் முறையைப் போலீசுக்குக் கொடுத்த அல்போன்ஸ் பெர்தியோனின் அண்ணன். தம்பி உயிரோடு இருப்பவர்களை அளந்தார், அண்ணன் இறந்தவர்களை வகைப்படுத்தினார்.

இந்த வகைப்படுத்தல் பிறந்ததே மாநாடுகளில்தான். 1853-இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய புள்ளிவிவர மாநாடு, எல்லா நாட்டுக்கும் பொருந்துகிற மரணக் காரணப் பட்டியல் தயாரிக்கச் சொல்லி இங்கிலாந்தின் வில்லியம் ஃபார், ஜெனீவாவின் மார்க் தெஸ்பின் இருவரையும் கேட்டது. இரண்டு பேரும் இரண்டு பட்டியல் கொண்டுவந்தார்கள். சண்டை வேண்டாம் என்று 1855-இல் பாரிஸில் இரண்டையும் கலந்து 139 தலைப்புகளாக ஏற்றுக்கொண்டார்கள். அது எங்கும் சரியாக நிலைக்கவில்லை. 1893-இல் சிக்காகோவில் பெர்தியோன் புதிய பட்டியலை வைத்தார். 1900 ஆகஸ்டில் பிரெஞ்சு அரசாங்கம் பாரிஸில் 26 நாடுகளைக் கூட்டி அதைத் திருத்தி, 179 பிரிவுகளாக நிறைவேற்றியது. அதற்குப் பிறகு சுமார் பத்து வருஷத்துக்கு ஒரு முறை திருத்தம். 1948-இல் உலக சுகாதார நிறுவனம் பொறுப்பேற்ற ஆறாவது திருத்த மாநாடும் பாரிஸில்தான்.

அந்த 1948 மாநாட்டில்தான் என் பையில் இருந்த சீட்டுக்குப் பதில் இருந்தது. இறப்புக் காரணச் சான்றிதழுக்கு உலகம் முழுவதற்கும் ஒரே மாதிரிப் படிவம் அங்கே முடிவானது. மேல் வரியில் நேரடிக் காரணம். அதன் கீழே, அது எதனால் வந்தது. அதற்கும் கீழே, அது எதனால். கடைசி வரியில் இருப்பதுதான் அடிப்படைக் காரணம், எண் போடுவதும் அதற்குத்தான். எங்கள் கொத்தனாருக்கு முதல் வரி நிமோனியா, இரண்டாவது தொடை எலும்பு முறிவு, மூன்றாவது சாரத்திலிருந்து விழுந்தது. இதயம் நிற்பது சாவுக்குக் காரணம் இல்லை. அதற்குப் பெயர்தான் சாவு.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். டாக்டர் ஒற்றை வரியில் 'கார்டியாக் அரெஸ்ட்' என்று எழுதி அனுப்பினால் ரெக்கார்டு பிரிவு என்ன செய்யலாம் என்று கேட்டேன். தலைமை வகித்தவர், "அது மருத்துவர்கள் சமாச்சாரம். க்ளார்க்குகள் அதில் தலையிட வேண்டாம்" என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். உட்கார்ந்துவிட்டேன். பின் வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். கேரளத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு அதிகாரி. "நாங்க அந்தப் பேப்பரை வாங்கறதே இல்லை. 'எதனால்' என்று ஒரு சீட்டு எழுதிக் குத்தி வார்டுக்கே திருப்பி அனுப்பிடுவோம். டாக்டர் எழுதின ஒரு எழுத்தையும் நாங்க தொட மாட்டோம். ஆனா பாதி எழுதினதை ரெக்கார்டுன்னு வைக்க மாட்டோம்" என்றார். அரங்கத்தில் பின் பாதி முழுக்கக் கை தட்டியது.

டீ குடிக்கும்போது அவரிடம் விவரத்தைச் சொன்னேன். வெளியே கொடுத்துவிட்ட குறிப்பை இனி மாற்றக் கூடாது, அது தப்பு என்றார். கமிஷனர் மூலம் அசல் கேஸ் ஷீட்டுக்குச் சம்மன் அனுப்பச் சொல்லுங்கள், உள்ளே என்ன இருக்கிறதோ அதைக் கொண்டுபோய் வாசியுங்கள் என்றார்.

திரும்பி வந்ததும் கட்டைத் தேடினேன். பெயர் அட்டைகளில் அவர் பெயர் இல்லை, யாரோ தப்பாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் நோய்வாரியாகவும் அட்டை எழுதி வைப்போம். அப்போது ஒன்பதாவது திருத்தம் நடப்பில் இருந்தது. அதில் ஈ 881 என்பது ஏணி, சாரத்திலிருந்து விழுந்தவர்களுக்கான எண். அந்த அட்டையில் அந்த வருஷத்துக்கு ஒன்பது நம்பர்கள். ஏழாவது கட்டு அவருடையது. கேஷுவால்டி டாக்டர் முதல் பக்கத்திலேயே, இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தார், போலீசுக்குத் தகவல் கொடுக்கப்பட்டது என்று மணியோடு எழுதியிருந்தார். ஊர் பார்த்தது பேப்பரிலும் இருந்தது. கடைசிப் பக்கத்தைத் தவிர எல்லாப் பக்கத்திலும் இருந்தது.

சம்மன் வந்தது, நான் கட்டோடு போனேன். எதிர்த் தரப்பு வக்கீல், "நீர் டாக்டரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்புறம் எதைச் சொல்ல வந்தீர்?" "எதையும் சொல்ல வரலைங்க. வாசிக்கத்தான் வந்தேன்." கமிஷனர் வாசிக்கச் சொன்னார். நாள்வாரியாக எல்லாவற்றையும் வாசித்தேன். அடுத்த வாய்தாவில் அந்த டியூட்டி டாக்டரே வந்து, எல்லா மரணத்திலும் கடைசியில் இதயம் நிற்கும், இவருக்கு அது விழுந்ததால் வந்தது என்று நேராகச் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே ராத்திரியில் இரண்டு வார்டு பார்த்த இளைஞர். பதினான்கு மாதம் கழித்து உத்தரவு அந்தம்மாவுக்குச் சாதகமாக வந்தது.

எங்கள் பிரிவிலும் 'எதனால்' சீட்டு அச்சடிக்க அனுமதி கேட்டு எழுதினேன். அச்சுச் செலவுக்கு நிதி இல்லை என்று பதில். பழைய எக்ஸ்ரே உறைகளைக் கிழித்துக் கையால் எழுதிக்கொண்டோம். முதல் மாதம் வார்டுகளிலிருந்து வசவு. அப்புறம் பழகிவிட்டது.

அதன் பிறகு இன்னும் நான்கு மாநாட்டுக்குப் போனேன், இரண்டுக்குச் சொந்தச் செலவில். பத்தாவது திருத்தத்தை 1990-இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற பிறகு எண்களுக்கு முன்னால் எழுத்து வந்தது. மாரடைப்பு 410 ஆக இருந்தது ஐ 21 ஆயிற்று. வாய்ப்பாடு போல் மனப்பாடம் பண்ணியிருந்த எங்களுக்கு வயிற்றெரிச்சல். சாரம் டபிள்யூ 12-க்குப் போனது. வரவரக் கட்டுரை வாசிப்பவர்கள் குறைந்து, கம்ப்யூட்டர் விற்பவர்களின் ஸ்டால்கள் அதிகமாயின. கடைசியாகப் போனதில் சாப்பாடு பிரமாதம், கேள்வி நேரம் மட்டும் இல்லை. அதை நான் முன்னேற்றம் என்று சொல்ல மாட்டேன்.

இப்போது பதினோராவது திருத்தம், 2022 ஜனவரி 1 முதல். 2021-இல் ஆரம்பித்த டிஜிட்டல் திட்டத்தில் ஆளுக்குப் பதினான்கு இலக்க எண்ணும் வந்துவிட்டது. நல்லதுதான், அட்டை தேடிக் கண் கெட வேண்டியதில்லை. ஆனால் அந்த எண்ணுக்குள்ளே என்ன இருக்கும் என்பதை இன்னும் ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ ஒரு டியூட்டி டாக்டர்தான் எழுதுகிறார்.

நம் வயதுக்காரர்களுக்காக ஒரு விஷயம். மெடிக்கல் கவுன்சிலின் 2002 விதிப்படி, உள்நோயாளியின் பதிவேடுகளை மருத்துவர் மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். எழுத்தில் கேளுங்கள், தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை அசல் யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும். எங்கள் வீட்டு பீரோவில் என்னுடையதும் என் மனைவியுடையதும் தேதி வரிசைப்படி இருக்கின்றன, உறையின் மேல் எண்ணும் போட்டு. அவளுக்கு அதில் சிரிப்பு. என் முழங்காலுக்கு எம் 17 என்று எழுதியிருக்கிறேன்.